அடைகாக்க மறந்த கோழி

நல்ல கோழி எது? இக்கேள்வியை நம் இல்லத்து மூதாட்டி ஒருவரிடம் கேட்டால், பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, அவற்றின்மீது பொறுமையாய் அமர்ந்து, அத்தனையையும் குஞ்சாக்கி, பருந்துக்கும் பூனைக்கும் கொடாமல் வளர்த்தெடுப்பதே நல்ல கோழி என்பார். முட்டை வாணிபம் செய்யும் ஒருவரிடம் கேட்டால், நாள் தவறாமல் முட்டையிடுவதும், குறைந்த தீவனம் உண்பதும், அடைக்கு உட்காராததுமே நல்ல கோழி என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும், முன்னவர் நிறையென்று மெச்சிய குணத்தையே பின்னவர் குறையென்று தள்ளுகிறார். ஒரே பறவையிடத்தில் நிறையும் குறையும் இவ்வாறு இடம் மாறியது எங்ஙனம்? அம்மாற்றத்தால் மனிதனின் தலைமேல் ஏறிய பொறுப்பு யாது? இவற்றைச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

வாணிபர் மெச்சும் கோழி இனங்களில் தலையாயது வெள்ளை லெகார்ன். இத்தாலி நாட்டின் தஸ்கனிப் பகுதியில் லிவோர்னோ என்றொரு துறைமுகம் உண்டு. ஆங்கிலேயர் அதனை லெகார்ன் என்று தம் நாவுக்கேற்ப வழங்கினர். அப்பகுதிக் குடியானவர்கள் வளர்த்துவந்த மெலிந்த, துடிப்பு மிக்க கோழிகள் 1828ஆம் ஆண்டை ஒட்டி வட அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அங்கே முதலில் 'இத்தாலியன்' என்று அழைக்கப்பட்டவை, பின்னர் அத்துறைமுகத்தின் பெயராலேயே லெகார்ன் எனப்பட்டன. 1874ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் இனங்களுக்கு இலக்கணம் வகுத்து நூல் வெளியிட்டபோது, அதில் இவ்வினமும் இடம்பெற்றது. பால்வெண்மையான இறகு, ஒற்றைச் செங்கொண்டை, வெள்ளைக் காதுமடல், மஞ்சள் கால் ஆகியன இதன் அடையாளங்கள். பெட்டையின் எடை 2 கிலோ அளவே.

அந்த மஞ்சள் காலில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. வீட்டுக்கோழிகளின் மூதாதை ஆசியக் காடுகளின் செந்நிறக் காட்டுக்கோழி என்பது அறிஞர் துணிபு. ஆனால் மஞ்சள் தோலுக்குரிய மரபுக்கூறு மட்டும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அச்சாம்பல் கோழியோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை முதலிய இந்தியக் காடுகளுக்கே உரியது. இத்தாலியத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய கோழி, தன் காலில் நம் மலைக்காட்டின் நிறத்தையும் தாங்கி நிற்கிறது. இறைவனின் படைப்பில் எது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது.

காட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு இடும் முட்டைகள் 10 முதல் 15 வரைதான். தன் சிறகின் கீழ் அடங்குமளவுக்கு இடும். பிறகு நிறுத்திவிட்டு அடையில் அமரும். வெள்ளை லெகார்னோ ஆண்டுக்கு 280 முட்டைகளுக்குக் குறையாமல் இடுகிறது; 300ஐத் தாண்டுவனவும் உண்டு. இவ்வளவு பெரிய வேறுபாடு தானாக நேர்ந்ததன்று. கோழி உள்ளே நுழைந்ததும் கதவு தானே மூடிக்கொள்ளும் பொறிக்கூடுகளை அமைத்து, எந்தக் கோழி எத்தனை முட்டையிட்டது என்று ஏட்டில் குறித்தனர். மிகுதியாக இட்டவற்றின் வாரிசுகளை வைத்துக்கொண்டு, குறைவாக இட்டவற்றை அடுக்களைக்கு அனுப்பினர். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததன் விளைவே இன்று நாம் காணும் கோழி.

இத்தெரிவில் கூடியது ஒன்றென்றால், குறைந்தது மற்றொன்று. அடையிலிருக்கும் கோழி முட்டையிடுவதில்லை. 21 நாள் அடை, அதன்பின் சில வாரங்கள் குஞ்சு வளர்ப்பு என்று அதன் காலம் கழிகிறது. கணக்குப் பார்ப்பவருக்கு அது நட்டக் காலம். அடைக்கு உட்காரும் கோழி முட்டைக் கணக்கில் பின்தங்கும். பின்தங்குவது ஏட்டிலிருந்து நீக்கப்படும். இயல்பிலேயே அடை நாட்டம் குறைந்திருந்த லெகார்ன் இனத்தில், எஞ்சியிருந்த சிறிதளவும் இவ்வாறு தேய்ந்துபோயிற்று. வெள்ளை லெகார்ன் பெட்டை இன்று அடைக்கு உட்காருவது அரிதினும் அரிது. தானிட்ட முட்டையை விட்டு எழுந்து, திரும்பிப் பாராமல் தீவனத்தைத் தேடிப் போய்விடும்.

அடைக்கோழியைப் பார்த்தவர்கள் இந்த இழப்பின் அளவை அறிவார்கள். அது தன் வயிற்றுப்புறத்து இறகை உதிர்த்துக்கொண்டு, வெறுந்தோலின் வெப்பம் முட்டையில் படுமாறு அமர்கிறது. நாளில் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டி வைக்கிறது. ஒரு நாளைக்கு ஒருமுறை எழுந்து சில மணிகளைப் பொறுக்கிவிட்டு விரைந்து திரும்புகிறது. குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து கீச்சிடத் தொடங்கியதும், வெளியிலிருந்து தாய் மெல்லக் குரல் கொடுக்கிறது. பிறவாத குஞ்சோடு தாய் பேசும் இப்பேச்சை நம் வீட்டு முற்றங்களிலும் வைக்கோல் கூடைகளிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர்.

கோழியின் அடையை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்டது நேற்றைய செய்தியன்று. எகிப்து நாட்டில் மிகப் பழங்காலம் தொட்டே முட்டை பொரிக்கும் அடுப்பறைகள் இருந்தன. 1200ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டில் தங்கியிருந்த பேரறிஞர் அப்துல் லத்தீப் அல் பக்தாதி அவர்கள், அவ்வடுப்பறைகளின் அமைப்பையும் வேலைமுறையையும் நுணுக்கமாக எழுதி வைத்துள்ளார்கள். அங்குள்ள பணியாளர்கள் வெப்பத்தை அளக்கக் கருவி எதுவுமின்றி, முட்டையை எடுத்துக் கண்ணிமையின்மேல் வைத்துப் பார்த்துச் சூட்டை அறிந்துகொள்வர். கூடினால் தணிப்பர், குறைந்தால் சாணத்தீயை மூட்டுவர், கோழி அலகால் புரட்டுவதைப் போலவே கையால் முட்டைகளைப் புரட்டுவர். அதற்காக அவ்வறைகளை விட்டு அகலாமல் வாழ்வர். தாயின் வேலையை ஏற்றவர்கள் தாயின் கவலையையும் ஏற்றார்கள் என்பது இதனால் விளங்குகிறது. இந்த எடுத்துக்காட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்ல வருவதன் வித்து இதில்தான் இருக்கிறது.

முதலில் இக்கோழியால் விளைந்த நன்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நீதியாகும். ஒரு காலத்தில் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டுமே கிடைத்த முட்டை, இன்று கூலித் தொழிலாளியின் தட்டிலும் இருக்கிறது. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து வரும் அம்முட்டைகள் தூய லெகார்ன் இட்டவையல்ல. எனினும் அந்த வெண்ணிற முட்டைகளை இடும் கலப்பினக் கோழிகள் வெள்ளை லெகார்னின் வழித்தோன்றல்களே. வேறு புரதம் காணாத ஏழைக் குழந்தையின் எலும்பிலும் தசையிலும் இக்கோழியின் உழைப்பு கலந்திருக்கிறது. இதனைச் சிறிதென்று சொல்பவன் பசியை அறியாதவன்.

ஆனால் அந்த உழைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள்? ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணச்சத்து வேண்டும். கோழியின் உடல் முழுவதிலும் உள்ள சுண்ணச்சத்தே 20 கிராம் அளவுதான். ஆண்டுக்கு 280 முட்டையிடும் கோழி, தன் எலும்புக்கூட்டில் உள்ளதைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட சுண்ணத்தை ஓடாக வெளியேற்றுகிறது. தீவனத்தில் எவ்வளவு கலந்து கொடுத்தாலும், ஓடு உருவாகும் இரவு வேளையில் தன் எலும்பிலிருந்தும் அது கடன் வாங்கியாக வேண்டும். அதனால்தான் முட்டைக்கோழிகளின் எலும்பு மெலிந்து எளிதில் முறிகிறது. அவற்றை அடைக்கும் கம்பிக் கூண்டுகளிலோ, ஒரு பறவைக்குரிய இடம் நாம் கடிதம் எழுதும் தாளின் அளவுகூட இல்லாமல் இருப்பதுண்டு. சிறகை விரிக்க அங்கே வழியில்லை; மண்ணைக் கிளற மண்ணில்லை.

பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் கோழி, 72 வாரம் ஆனதும் 'வயது முதிர்ந்த கோழி' என்று விற்கப்படும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இக்காலத்தில் அது சற்று நீண்டிருக்கலாம். எப்படியாயினும் ஒன்றரை அல்லது இரண்டு வயதில் முதுமை எய்தும் உயிர் அது. முட்டை குறைவதே அங்கே முதுமை.

இவற்றினும் நெஞ்சை உறுத்துவது சேவல் குஞ்சின் கதை. பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். அவை முட்டையிடா, இறைச்சிக்கென வளர்க்கும் கோழிகளைப்போல் விரைவில் பருக்கவும் மாட்டா. ஆகவே பொரித்த அன்றே பிரித்தெடுத்து அழித்துவிடுகின்றனர். உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடிக் குஞ்சுகள் இவ்வாறு மடிகின்றன என்பது மதிப்பீடு. அவை உண்ணப்படுவதற்காக அறுக்கப்படவில்லை. கணக்கில் வரவு இல்லை என்ற ஒரே காரணத்தால், இறக்கை உலரும் முன்னே வாழ்வை முடித்துக்கொள்கின்றன. தாய்க்கோழி பொரித்திருந்தால் சேவலென்றும் பெட்டையென்றும் பாராமல் எல்லாவற்றையும் தன் சிறகுக்குள் அழைத்திருக்கும்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, "முட்டை ஹலாலானது, கோழியும் ஹலாலானது. இதில் என்ன விசாரணை?" என்பது. முட்டையும் கோழியும் ஆகுமானவை என்பதில் ஐயமே இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதைத் தாம் கண்டதாக அபூ மூஸா அல் அஷ்அரி (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி ஷரீபில் உள்ளது. ஆகுமான ஒன்றை ஆகாதென்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை, அவ்வெண்ணமும் இல்லை. ஆனால் திருமறை உணவைக் குறித்துப் பேசும்போது 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் இணைத்தே பேசுகிறது. ஆகுமானதாக இருப்பதோடு நல்லதாகவும் தூயதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் குறிப்பு. அறுக்கும் வேளையிலும் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு எளிதாக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். சாகும் நொடிக்கே இவ்வளவு பரிவு வேண்டுமென்றால், வாழும் காலம் முழுவதற்கும் எவ்வளவு வேண்டும்?

மற்றொன்று, "அக்கோழிக்குத் தான் இழந்தது என்னவென்றே தெரியாது. அடை நினைவே இல்லாத பறவைக்கு அடை இல்லாததால் என்ன துன்பம்?" என்பது. இது எண்ணிப் பார்க்கத்தக்க மறுப்பே. அறியாத ஒன்றுக்காக அது ஏங்குகிறது என்று நாம் கற்பனை செய்யலாகாது. ஆனால் ஆய்ந்தவர்கள் கண்ட ஓர் உண்மை உண்டு. லெகார்ன் வழிக் கோழிகள் அடையை மறந்தாலும், கூட்டை மறக்கவில்லை. முட்டையிடும் நேரம் நெருங்கியதும், கூண்டுக்குள் அடைபட்ட கோழி நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் நடக்கிறது. ஒதுக்கான, மறைவான ஓரிடத்தைத் தேடுகிறது. கம்பிகளுக்கு நடுவே அப்படியோர் இடம் இல்லாததால் மீண்டும் மீண்டும் நடக்கிறது. தாய்மையின் பிற்பகுதியை நம்மால் அதன் இரத்தத்திலிருந்து நீக்க முடிந்தது. முற்பகுதி இன்னும் அதனுள்ளே இருந்து வருத்துகிறது. "தெரியாது" என்ற சொல்லால் இத்தேட்டத்தை மூடிவிட முடியாது.

அப்படியானால் மனிதன் செய்த தவறுதான் எது? உயிரினங்களைத் தெரிந்தெடுத்து வளர்த்ததா? அதுவே தவறென்றால், அரபு மக்கள் வமிசாவளி பார்த்துப் பேணிய குதிரைகளும், நம் உழவர்கள் தேர்ந்து வளர்த்த காளைகளும் தவறென்றாகும். அவ்வாறு சொல்ல நாம் துணியவில்லை. கோழியின் சுமையை எடுத்துக்கொண்டது தவறன்று. எடுத்துக்கொண்ட சுமையைத் தரையில் போட்டுவிட்டு நடந்ததே தவறு. அடைகாக்கும் வேலையை அதனிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டோம். குஞ்சைப் பேணும் பொறுப்பும், கூடு தேடித்தரும் பொறுப்பும், பறவையின் உடல் நலிந்தபோது தாங்கும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே நம் கைக்கு வந்தன. தன்னைத்தானே பேணும் ஆற்றலை ஓர் உயிரிடமிருந்து எவன் நீக்குகிறானோ, அப்பேணுதல் அவன்மேல் அமானிதமாகிவிடுகிறது. எகிப்தின் அடுப்பறைப் பணியாளர் கண்ணிமையால் முட்டையைத் தொட்டுப் பார்த்தபோது அந்த அமானிதத்தின் ஒரு பகுதியையேனும் சுமந்தார். இன்றைய ஏற்பாட்டில் வெப்பத்தைக் கருவி அளக்கிறது. கவலையை அளக்க எவரும் இல்லை.

நம் மார்க்க மரபில் இக்கருத்துக்கு ஆழ்ந்த வேர் உண்டு. நபித்தோழர் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவந்தபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவிப்பதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதனை வருத்தியவர் யாரென்று வினவி, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் செய்தார்கள். மதீனத்துத் தோட்டமொன்றில் கண்ணீர் உகுத்த ஒட்டகத்தைத் தடவிக் கொடுத்து, அதனைப் பட்டினி போட்டு வேலையால் நலிவித்த உரிமையாளரைக் கண்டித்தார்கள். அந்த ஒட்டகத்துக்கு முறையிடக் கண்ணீராவது இருந்தது. கோழிக்கு அதுவும் இல்லை. நலிந்த எலும்போடும் அது மறுநாள் ஒரு முட்டையைத்தான் இடுகிறது.

ஷாபிஈ மத்ஹபின் பெருமேதையான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 660இல், அதாவது கி.பி. 1262இல், கெய்ரோவில் மறைந்தவர்கள். மனிதன்மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைத் தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் அவர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் தீனி கொடுத்துக் காக்க வேண்டும். ஆற்றலுக்கு மீறிச் சுமத்தலாகாது. துன்பம் தரும் மற்றவற்றோடு சேர்த்து அடைக்கலாகாது. தங்குமிடம் செவ்வையாக இருக்க வேண்டும். அறுத்தால் நல்ல முறையில் அறுக்க வேண்டும். குட்டியைத் தாயின் கண்முன் அறுக்கலாகாது என்பன அவற்றுட் சில. விலங்குகளின் உரிமை என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுப்பாடம் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பயன் முடிந்தாலும் உரிமை முடிவதில்லை என்று நம் அறிஞர் ஒருவர் எழுதிவிட்டார்.

பின் என்னதான் செய்வது? முட்டையை வெறுப்பது தீர்வாகாது. மாறுதல் கூடாத காரியமும் அன்று. ஐரோப்பிய ஒன்றியம் பழைய முறை வெறுங்கம்பிக் கூண்டுகளை 2012ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது. சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வதை ஜெர்மனி 2022ஆம் ஆண்டு முதல் தடுத்துவிட்டது. முட்டைக்குள்ளேயே ஆண் பெண் அறியும் முறைகள் அங்கே வழக்கத்துக்கு வந்துள்ளன. செய்ய முடியாதென்று சொல்லப்பட்டவை, செய்ய வேண்டும் என்று துணிந்ததும் செய்யப்பட்டன.

இதனால் முட்டையின் விலை சற்று ஏறும் என்பது மெய். ஏறினால் ஏழைக் குழந்தை என்ன செய்யும் என்ற கேள்வியும் மெய்யே. அக்குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துத்தான் கோழிக்கு நீதி செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவ்விலையைத் தாங்க வேண்டியவர்கள், விருந்துக்கும் விழாவுக்கும் கணக்கின்றிச் செலவிடும் நம்மைப் போன்றவர்கள். ஏழைக் குழந்தையைக் காட்டி நம் சொந்தத் தட்டை நியாயப்படுத்திக்கொள்வது நேர்மையாகாது. வசதியுள்ளவர், கோழியைத் திறந்து வளர்ப்பவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம். நம்மில் பண்ணை நடத்துவோர், எத்தனை முட்டை என்று எழுதும் ஏட்டில், எத்தனை எலும்பு முறிந்தது என்றும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். வீட்டில் நாலு கோழி வளர்ப்போர், முட்டை நின்றதைக் காரணம் காட்டித் தீனியை நிறுத்தாமல் இருக்கலாம். உண்பதை வீணாக்காமல் உண்பது எல்லாருக்கும் இயலும்.

தொடக்கத்தில், நல்ல கோழி எது என்று கேட்டோம். முந்நூறு முட்டையிட்டாலும் முப்பது முட்டையிட்டாலும், தனக்கு விதிக்கப்பட்டதை அது செய்துகொண்டுதான் இருக்கிறது. அதனிடம் நாம் கேட்கக் கேள்வி ஏதும் மிச்சமில்லை. பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருமறையின் ஆறாம் அத்தியாயம் நமக்கு அறிவிக்கிறது. அச்சமுதாயங்களுள் ஒன்று, தன் குஞ்சுகளைக் காக்கும் அறிவையே நம் பொருட்டு இழந்து நிற்கிறது. அதன் சிறகுக்கு ஈடாக நாம் எதை விரித்தோம் என்று ஒரு நாள் நம்மிடம் கேட்கப்படும். அந்நாளில் வெட்கமின்றிப் பதில் சொல்லும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!